சும்மா நின்ற வண்டி

கொல்லி மலைக்குப் போய் வந்தவர்கள் முதன் முதலில் எதைப் பற்றிப் பேசுவார்கள்? ஆகாய கங்கை அருவியைப் பற்றி அல்ல. அறப்பளீசுவரர் கோயிலைப் பற்றியும் அல்ல. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது வருகிற எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. இருபதாவது வளைவு வரையில் குழந்தைகள் உற்சாகமாய் எண்ணுகிறார்கள். நாற்பதில் சத்தம் ஓய்கிறது. அறுபதில் யாராவது ஒருவர் எலுமிச்சம் பழம் கேட்கிறார். எழுபதைத் தாண்டியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. மிளகுக் கொடியும், காப்பிச் செடியும், பலா மரமும் கண்ணில் படுகின்றன. பட்ட சிரமமெல்லாம் மறந்து போகிறது.

அந்த மலையின் மேல் என் நண்பர் ஒருவருக்குச் சிறிய மிளகுத் தோட்டம் இருக்கிறது. பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீடு கட்டப் பணமில்லையே என்று அவர் கவலைப்படவில்லை. பழைய வான் ஒன்றை வாங்கி, அதற்குள் இரண்டு பேர் படுக்கக் கட்டில், சின்ன அடுப்பு, விளக்கு, மின்விசிறி எல்லாம் அமைத்துக் கொண்டார். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வெடுக்கிற வண்டியைக் 'கேரவன்' என்று சொல்லுகிறோம் அல்லவா? அதற்கு ஏழைத் தம்பி என்று இந்த வண்டியைச் சொல்லலாம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அதில் குடும்பத்துடன் யாத்திரை போவார். மற்ற நாட்களில் வண்டி, தோட்டத்துப் பலா மரத்தின் நிழலில், தார்ப்பாய் போர்த்திக் கொண்டு நிற்கும்.

"வண்டிக்கு ஒரு சிரமமும் இல்லை, சுகமாகத் தூங்குகிறது" என்று நண்பர் சொல்லிக் கொள்வார். அந்தத் தூக்கம் எப்பேர்ப்பட்டது என்பது ஓர் ஆடி மாதத்து இரவில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அந்த இரவு

வல்வில் ஓரி விழாவுக்கு முந்தின வாரம். சனி, ஞாயிறு விடுமுறைக்காக நான் நண்பருடன் தோட்டத்தில் தங்கியிருந்தேன். மலை முழுவதும் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. இரவு பதினோரு மணி இருக்கும். தோட்டத்தைப் பார்த்துக் கொள்ளுகிறவர் ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"ஐயா, பையனுக்குக் காய்ச்சல் ஏறிப் போச்சுங்க. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குதுங்க. வண்டியைக் கொஞ்சம் எடுங்க, ஐயா!"

பையனுக்கு ஐந்து வயது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று; ஆனால் மலைப் பாதையில், அந்த மேகத்தில், அது வந்து சேரும் வரையில் காத்திருக்க யாருக்குத்தான் மனம் வரும்? பத்தடி தூரத்தில் வண்டி நிற்கிறது. டாங்கியில் டீசல் இருக்கிறது. நண்பர் ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினார்.

"டிக்!"

அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார். இந்தத் தடவை அந்தச் சத்தமும் இல்லை. நாலு பேராகச் சேர்ந்து தள்ளினோம். பழைய காலத்து மோட்டாராக இருந்தால் ஒருவேளை கிளம்பியிருக்கும். இக்காலத்து டீசல் யந்திரத்தில் எண்ணெயை அளந்து விடுவதற்கே மின்சாரம் வேண்டும். பாட்டரி முழுவதும் காலியானால், எத்தனை தள்ளினாலும் வண்டி கிளம்பாது. பெற்ற தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக் கொண்டு, எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

நல்ல வேளையாக அன்னாசிப் பழம் ஏற்றி வந்த ஒரு சிறு லாரி அந்த வழியாகப் போயிற்று. அதில் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், காய்ச்சல் தணிந்தது. கடவுள் காப்பாற்றினார். ஆனால் எங்கள் வண்டி காப்பாற்றவில்லை.

உழைத்துச் சாகவில்லை

மறு நாள் காலையில் வந்த மெக்கானிக், வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் முள் பத்தரையைத் தாண்டவில்லை.

"இது உழைச்சுச் செத்த பாட்டரி இல்லீங்க. சும்மா இருந்தே செத்துப் போச்சுங்க" என்றார்.

நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு பாட்டரிப் பாடம் நடத்துகிறவன். அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதை நான் ஒரு நாளும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மோட்டார் வண்டிகளில் இன்றும் பெரும்பாலும் இருப்பது ஈய பாட்டரி. காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1859-ம் வருஷத்தில் இதைக் கண்டுபிடித்தார். ஒரு தகடு ஈயம்; மற்றொன்று ஈய ஆக்ஸைடு; இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரத்தை எடுக்க எடுக்க, இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் என்ற வெண்மையான பொருள் படிகிறது. திரும்பவும் மின்சாரத்தைச் செலுத்தினால் அந்தப் படிவு கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. இப்படிப் படிவதும் கரைவதுமே பாட்டரியின் வாழ்க்கை.

படிவு புதிதாக இருக்கும் வரையில் மிருதுவாயிருக்கிறது. சுலபமாகக் கரைந்து விடும். ஆனால் பாட்டரியைக் காலியாகவே வாரக் கணக்கில், மாதக் கணக்கில் விட்டு விட்டால் சிறு துகள்கள் ஒன்று சேர்ந்து பெரிய கட்டிகளாக இறுகிப் போகின்றன. பிறகு எவ்வளவு மின்சாரத்தைச் செலுத்தினாலும் அவை முழுதும் கரைவதில்லை. அந்த அளவுக்குப் பாட்டரியின் கொள்ளளவு என்றென்றைக்கும் குறைந்து போகிறது. அடுப்பிலிருந்து இறக்கியதும் கழுவிய பால் பாத்திரத்துக்கும், மூன்று நாள் காய விட்ட பால் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

"வண்டியை யாருமே தொடவில்லையே! மின்சாரம் எங்கே போயிற்று?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பாட்டரி தானாகவே கசிகிறது. நல்ல பாட்டரிகூட மாதத்துக்கு நூற்றில் நாலு பங்கு போலத் தன் சக்தியை இழந்து விடும். வெப்பம் அதிகமானால் இழப்பும் அதிகமாகும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இரண்டாவது, இக்காலத்து வண்டி உண்மையில் தூங்குவதே இல்லை. கடிகாரம் ஓடுகிறது, பூட்டைக் காவல் காக்கும் கருவி விழித்திருக்கிறது, யந்திரத்தை நடத்தும் சிறு மூளை தன் நினைவைக் காத்துக் கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்து நண்பரின் வண்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் இரவும் பகலும் செலவாகிக் கொண்டிருந்ததை மெக்கானிக் அளந்து காட்டினார்.

முப்பது மில்லி ஆம்பியர் என்பது மிக அற்பம். ஆனால் அற்பமான ஓட்டை பெரிய குதிரையும் காலியாக்கும் என்பது நெல் குதிர் வைத்திருந்த நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். படி, மரக்கால் என்று நெல்லை அளப்பது போல, பாட்டரியில் உள்ள மின்சாரத்தை 'ஆம்பியர் மணி' என்ற அளவால் அளக்கிறார்கள். நண்பரின் பாட்டரி 75 ஆம்பியர் மணி கொள்ளக் கூடியது. வண்டியின் காவல் செலவு ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. சித்திரைப் பாதியிலிருந்து அந்த ஆடி இரவு வரையில் தொண்ணூறு நாளைக்கு 64.8. தானாகக் கசிந்தது மாதத்துக்கு 3 வீதம் மூன்று மாதத்துக்கு 9. ஆக மொத்தம் 73.8. எழுபத்தைந்தில் எழுபத்து மூன்றே முக்காலும் போய்விட்டது!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். வண்டியைக் கிளப்பும்போது பாட்டரியிலிருந்து 200 ஆம்பியர் வரையில் மின்சாரம் பாய்கிறது. ஆனால் அது மூன்று விநாடி நேரந்தான். மொத்தச் செலவு 0.17 ஆம்பியர் மணிகூட இல்லை. அதாவது, வண்டி ஒரு நாள் சும்மா நிற்பது, நாலைந்து தடவை கிளப்புவதற்குச் சமமான செலவு! ஓடுகிற வண்டியாயிருந்தால் யந்திரமே செலவை ஈடு செய்து விடும். நிற்கிற வண்டிக்கு வரவே கிடையாது; செலவு மட்டும் உண்டு.

இந்த அனுபவம் எங்கள் நண்பருக்கு மட்டும் உரியதல்ல. 2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, எத்தனை வீடுகளில் காரும் ஸ்கூட்டரும் வாரக் கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றன! லாரிகளுக்குப் பேர் போன எங்கள் நாமக்கல்லிலும் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. பிறகு சாவியைத் திருப்பியவர்களில் பலர் அந்த 'டிக்' சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள்.

சூரியனிடம் சிறு கடன்

"வாரத்துக்கு ஒரு தடவை யாராவது வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓட விட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நின்றபடியே ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடும் யந்திரம், தன்னைக் கிளப்பிய செலவை ஈடு செய்யுமே தவிர, ஒரு வாரத்துக் கசிவை ஈடு செய்வது கடினம். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். பாட்டரியின் எதிர்மறைக் கம்பியைக் கழற்றி வைக்கலாம்; காவல் செலவு நிற்கும்; ஆனால் தானாகக் கசிவது நிற்காது; அவசரத்துக்கு வண்டியும் தயாராயிராது.

ஒரு நாளைக்குச் சிறிதளவு மின்சாரம், ஆனால் நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். பெரிய தொகை தேவையில்லை, ஒழுங்கு தேவை. அப்படி நாள் தவறாமல் வருகிறவர் உலகத்தில் சூரிய பகவான் ஒருவர்தானே?

ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்பதை எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் 1839-லேயே கண்டார். ஆனால் உபயோகமான சூரியக் கலம் 1954-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதிதான் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் அதைச் செய்தார்கள். விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. இன்று கடைத்தெருவில் கிடைக்கும் நல்ல தகடுகள் இருபது பங்கு வரையிலும் அதற்கு மேலும் ஆக்குகின்றன.

நான்கு வருஷத்துக்குப் பிறகு, 1958 மார்ச்சில், 'வான்கார்டு' என்ற சிறிய கோளத்தை அமெரிக்கர்கள் ஆகாயத்தில் ஏவினார்கள். அதில் இரண்டு ஒலிபரப்புக் கருவிகள் இருந்தன: ஒன்றுக்கு பாட்டரி, மற்றொன்றுக்குச் சூரியக் கலம். பாட்டரியை நம்பியது சில மாதங்களுக்குள் ஓய்ந்து விட்டது. சூரியனை நம்பியது 1964 வரையில் பேசிக் கொண்டேயிருந்தது. கவனிக்க ஆளில்லாத இடத்தில் நிற்கும் பொருளுக்குச் சூரியனைக் காட்டிலும் நல்ல காவலாளி இல்லை என்பது அன்றே தெரிந்து போயிற்று.

முதல் தவறு

நண்பர் புதிய பாட்டரி வாங்கினார். கூடவே ஐந்து வாட் சூரியத் தகடு ஒன்றும் வாங்கினார். 'சோலார் பானல்' என்று கடையில் சொல்வது இதைத்தான். அதை வண்டிக்குள்ளே, முன் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, "மழையும் படாது, குரங்கும் தொடாது" என்று திருப்தியுடன் ஆவணிக் கடைசியில் ஊருக்குப் போனார்.

கார்த்திகையில் நானும் அவரும் போய்ப் பார்த்தோம். மீட்டர் 12.1 வோல்ட் காட்டிற்று. ஈய பாட்டரியின் நாடியை அறிய இதுவே எளிய வழி. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 வோல்ட் இருப்பது முழு பாட்டரி; 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால், 11.9-க்குக் கீழே காலி. ஆக, எழுபது நாளில் பாட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போனால் பழைய கதைதான்.

"சூரியனையும் நம்பக் கூடாது போலிருக்கிறதே!" என்றார் நண்பர்.

நம்பாமற் போனது சூரியன் அல்ல. நாங்கள் போட்ட கணக்கு. அந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். பாடப் புத்தகத்துக் கணக்கில் வராத சுறுசுறுப்பு இதில் வந்தது. அவர்கள் மூன்று குற்றங்களைக் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, தகடு மரத்தின் நிழலில் இருந்தது. இந்தத் தகட்டில் முப்பத்தாறு கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கலத்தின் மேல் பலா இலையின் நிழல் விழுந்தால், அந்த ஒரு கலம் மட்டும் சோம்புவதில்லை. எல்லாக் கலங்களின் ஓட்டமும் தடைப்படுகிறது. ரப்பர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுவதிலும் தண்ணீர் நிற்பது போலத்தான். இரண்டாவது, வண்டிக் கண்ணாடி ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்து விடுகிறது; அதன் சரிவும் சூரியனுக்கு நேராக இல்லை. மூன்றாவது, கொல்லி மலை சென்னைப் பட்டணம் அல்ல. ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மேகத்தின் மாதங்கள்.

நல்ல வெயில் நாளில், எல்லா நஷ்டமும் போக, நாலு மணி நேரத்து முழு வெயில் என்று வைத்துக் கொள்ளலாம். ஐந்து வாட் தகடு 0.28 ஆம்பியர் வீதம் 1.1 ஆம்பியர் மணி தரும். வண்டியின் தினசரிச் செலவு, கசிவையும் சேர்த்து, 0.82. சமவெளியில் இது போதும். மலை மேல் மேகம் மூடிய நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்: 0.22. போதவே போதாது. இருபது வாட் தகடு என்றால் வெயில் நாளில் 4.4, மேக நாளில் 0.88. மிகவும் மோசமான நாளில்கூட வரவும் செலவும் சரிக்குச் சரி.

மலை மேல் வாழ்கிறவன் வெயில் காலத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. மேக காலத்தைப் பார்த்துப் போட வேண்டும். பிள்ளைகள் கண்ட முடிவு இது.

செய்ய வேண்டிய முறை

இருபது வாட் தகட்டை மரநிழல் படாத கொட்டகைக் கூரை மேல் வைத்தோம். தகடு தெற்கு நோக்கியிருக்க வேண்டும். கொல்லி மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொரு பாகையில் இருக்கிறது. ஆகவே பதினொரு பாகைச் சாய்வு போதும் என்பது பொது விதி. நாங்கள் பதினைந்து பாகை சாய்த்தோம். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் அந்தச் சாய்வு அனுகூலம். மழை நீரும் தகட்டைக் கழுவிக் கொண்டு ஓடி விடும்.

தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவில் 'சார்ஜ் கன்ட்ரோலர்' என்ற சிறு கருவி அவசியம். தகடு வெயிலில் பதினேழு வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதைப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் நாள்தோறும் தடையில்லாமல் பாய விட்டால் அமிலத்திலுள்ள தண்ணீர் ஆவியாகித் தகடுகள் கெடும். பட்டினியும் கெடுதல், அஜீர்ணமும் கெடுதல். கன்ட்ரோலர் பாட்டரி நிரம்பியதும் மின்சாரத்தைக் குறைத்து, 13.6 வோல்ட் போன்ற நிதானமான நிலையில் நிறுத்தி வைக்கிறது. இரவில் பாட்டரியிலிருந்து மின்சாரம் தகட்டுக்குத் திரும்பிப் போகாமலும் தடுக்கிறது. குளிர் பிரதேசத்தில் பாட்டரிக்குச் சிறிது உயர்ந்த வோல்ட் வேண்டும். வெப்பத்தில் சிறிது குறைந்தது வேண்டும். இதை அறிந்து தானே மாற்றிக் கொள்ளும் கன்ட்ரோலர் கிடைத்தால் உத்தமம்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. முதலில் பாட்டரியை கன்ட்ரோலருடன் இணைத்து, அதன் பிறகே தகட்டை இணைக்க வேண்டும். சிவப்புக் கம்பி சிவப்புக்கும் கறுப்புக் கம்பி கறுப்புக்கும் போக வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும். பாட்டரியிலிருந்து எரியக் கூடிய வாயு வெளிப்படுமாகையால் பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. மூடி திறக்கக் கூடிய பாட்டரியாயிருந்தால், மாதம் ஒரு முறை பார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீர் கூடாது. லித்தியம் பாட்டரி வைத்திருப்பவர்கள் அதற்கென்று செய்த கன்ட்ரோலரையே வாங்க வேண்டும்; ஈய பாட்டரியின் விதிகள் அதற்குப் பொருந்தா.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இறந்த பாட்டரிக்கு இந்தச் சிறு தகடு உயிர் கொடுக்காது. முழுதாக நிரப்பிய பாட்டரியை முழுதாகவே வைத்திருப்பதுதான் இதன் வேலை. இது வைத்தியர் அல்ல; செவிலித் தாய்.

நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு

"ஒரு வண்டியின் பாட்டரிக்கு இத்தனை பிரசங்கமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு பாட்டரி வீணானால் ஆயிரக்கணக்கான ரூபாய் நஷ்டம் என்பது மட்டுமல்ல. அதற்குள் பல கிலோ ஈயம் இருக்கிறது. ஈயம் விஷம், முக்கியமாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. முறையான ஆலைகளில் பழைய பாட்டரியை உருக்கினால் ஈயத்தைத் திரும்பப் பெறலாம். கொல்லைப் புறத்தில் அடுப்பு மூட்டி உருக்குகிறவர்களிடம் அகப்பட்டால், புகை அக்கம் பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேருகிறது. பழைய பாட்டரியைத் திரும்பப் பெறுவதற்கு 2001-ல் ஒரு சட்ட விதியும், அதற்குப் பதிலாக 2022-ல் விரிவான விதியும் நம் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிறார்கள். பழைய பாட்டரியை, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பது நம் கடமை. நாலு வருஷம் உழைக்க வேண்டிய பாட்டரியை ஒரு வருஷத்தில் சாக விடாதிருப்பது அதைவிடப் பெரிய கடமை.

பாட்டரி சாஸ்திரம் நமக்கு அந்நியமானதும் அல்ல. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷமே, 1948 ஜூலை 25-ந் தேதி, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து கொடுத்தார். 1953 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். பாட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சி அங்கே வெகு காலமாக நடந்து வருகிறது. செட்டி நாட்டு வறண்ட பூமியில் ஒரு தமிழர் கொடுத்த நிலத்தில் இந்தக் கலை வேரூன்றியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

சூரிய சக்தியிலும் அப்படியே. ராமநாதபுரம் ஜில்லாவில், கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் எழுந்தது. 2025 ஜனவரியில் நாடு முழுவதும் அமைந்த சூரிய மின் சக்தி ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த லட்சம் மெகாவாட்டைக் கண்டு மலைக்கிறவர்கள், தங்கள் கொட்டகை மேல் வைக்கக் கூடிய இருபது வாட்டை அலட்சியம் செய்கிறார்கள். 1924-ல் பெல்காம் காங்கிரஸில் மகாத்மா காந்தி தலைமை வகித்தபோது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ஒரே நாளில் மலை போல நூற்கும்படி அவர் யாரையும் கேட்கவில்லை. தினமும் கொஞ்சம் நூற்கச் சொன்னார். அந்தப் பாடத்தை எந்த ராட்டையைக் காட்டிலும் இந்தச் சிறு தகடு எனக்கு நன்றாக நினைவூட்டுகிறது.

சாவி இருக்குமிடம்

இப்போது நண்பரின் வண்டி வருஷத்தில் பத்து மாதம் நின்றாலும், மீட்டரை வைத்தால் 12.7 காட்டுகிறது. சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே யந்திரம் கிளம்புகிறது.

ஆனால் முக்கியமான மாறுதல் வேறு. முன்பெல்லாம் நண்பர் சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு நாமக்கல்லுக்குப் போய்விடுவார். அந்த இரவில் நாங்கள் அங்கே இருந்தது தற்செயல். நாங்கள் இல்லாதிருந்தால், நல்ல பாட்டரி இருந்தும் என்ன பிரயோஜனம்? இதை அவரிடம் நான் சொல்லத் தயங்கிக் கொண்டிருந்தேன். அவரே உணர்ந்து கொண்டார். தோட்டத்துக்காரரின் தம்பி மோட்டார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறார். சாவி இப்போது அவர்கள் வீட்டு வாசற்படிக்கு மேல் ஆணியில் தொங்குகிறது.

சென்ற தடவை நான் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகைச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. மேலே அந்தப் பையன் ஈரத் துணியால் தகட்டைத் துடைத்துக் கொண்டிருந்தான். கீழே அவன் தாய் ஏணியைப் பிடித்துக் கொண்டு நின்றாள். இரவு விழுந்த பனியும், பறவை எச்சமும், இரண்டு காய்ந்த இலைகளும் போனதும் தகடு கறுப்பாகப் பளபளத்தது.

"வாரா வாரம் துடைக்கிறாயா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, சார். இல்லைன்னா வண்டிக்குப் பசிக்குமுங்க" என்றான்.

அவன் சொல்லி முடிக்கும்போது மேகம் விலகி வெயில் வந்தது. கன்ட்ரோலரில் சின்ன விளக்கு ஒன்று எரியத் தொடங்கிற்று.